காலடியைப் பார்த்து வை!

"அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்ற பழமொழியை எனது பத்திரிகை வாழ்வில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கிட முடியாது. தமிழ்க் கட்சிகள் ஒன்று சேர்ந்த வேளைகளில் எழுதினேன். அவை பிரிந்த வேளைகளிலும் எழுதினேன். ஆசிரியத் தலையங்கத்துக்கு முடிவு வாக்கியம் அகப்படாமல், அச்சுக்கூடத்தில் இருந்து ஆள் வந்து மேசையருகே நின்ற இரவுகளில் எல்லாம் கைகொடுத்தது அந்தப் பழமொழிதான்.

கடந்த பங்குனி மாதம், பள்ளி விடுமுறையோடு உறவினர் திருமணம் ஒன்றும் சேர்ந்து வந்ததால், கனடாவில் இருந்து மகனின் குடும்பம் யாழ்ப்பாணம் வந்திருந்தது. பேரனுக்கு 11 வயது. பேத்திக்கு 7 வயது. பேரன் ரொறன்ரோவில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்குப் போகிறான். அந்த வகுப்பில் பழமொழிகள் மனனம் செய்விக்கிறார்கள். ஒருநாள் இரவு சாப்பாட்டு மேசையில் இந்தப் பழமொழியைத் தடங்கலின்றிச் சொல்லிவிட்டு, "அப்பப்பா, அடம்பன் என்டால் என்ன?" என்று கேட்டான்.

"கடற்கரையிலே படருகிற ஒரு கொடி" என்றேன்.

"இலை எப்பிடி இருக்கும்? பூ என்ன நிறம்?"

நான் தடுமாறினேன். சிறு வயதில் பார்த்த ஒரு பச்சைப் படுக்கை மங்கலாக நினைவில் இருந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. மகனைப் பார்த்தேன். அவன் தலையை அசைத்தான். அவன் 17 வயது வரை இந்த மண்ணில், கடலில் இருந்து சில மைல் தூரத்தில் வளர்ந்தவன். ஆயினும் அடம்பன் கொடியைக் கண்டதில்லை. ஒரு சொல்லை மூன்று தலைமுறையும் வைத்திருக்கிறோம். அச்சொல்லுக்குரிய பொருளை மூன்று பேருமே காட்ட முடியவில்லை. அன்றிரவு எனக்கு ஏற்பட்ட வெட்கமே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

பட்டியல் பயணம்

வெளிநாட்டில் இருந்து விடுமுறையில் வரும் எங்கள் குடும்பங்களின் பயண ஒழுங்கு எப்படி இருக்கும் என்பது வாசகர்கள் அறிந்ததே. வருவதற்கு முன்னரே கைத்தொலைபேசியில் பட்டியல் தயாராகிவிடும். நல்லூர், கீரிமலை, நூலகம், கசூரினா கடற்கரை, நயினாதீவு என்று யாழ்ப்பாணத்துக்கு இரண்டு நாள். பிறகு ஒரு வானைப் பிடித்துச் சிகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல ஒன்பது வளைவுப் பாலம், யால காட்டில் ஒரு ஜீப் சவாரி. ஓரிடத்தில் இருந்து அடுத்த இடத்துக்குப் போகும் வழியில் பிள்ளைகள் உறங்குகிறார்கள், இடம் வந்ததும் எழுப்பிப் படம் எடுக்கிறோம், மீண்டும் உறங்குகிறார்கள்.

இவற்றை நான் குறை கூறவில்லை. சிகிரியாவை ஒரு தடவையேனும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால், யாலவில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப் வண்டிகள் முண்டியடித்து நிற்பதைக் கண்ணால் கண்டவன் நான். அங்கே பிள்ளைகள் பார்த்தது சிறுத்தையின் முதுகை விட முன்னால் நின்ற ஜீப்பின் முதுகைத்தான். அதை இயற்கைப் பயணம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மகனிடம் சொன்னேன்: "ஒரு நாளை எனக்குத் தா. பட்டியலில் இல்லாத ஓரிடத்துக்குப் போவோம். அடம்பன் கொடியைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். சுண்டிக்குளம் பக்கம் போனால் பூநாரையும் பார்க்கலாம்."

அவனது முகம் மாறியது. "அங்கை வேலியும் இல்லை, வழிகாட்டிப் பலகையும் இல்லை. பிள்ளையளைக் கொண்டு அந்த வெளிகளுக்குள்ளை இறங்கேலாது அப்பா" என்றான்.

அது வசதிக் குறைவைப் பற்றிய பேச்சல்ல என்பது எனக்கு உடனே விளங்கியது. மனைவிக்கும் விளங்கியது. அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போனாள். ஏனென்றால் அந்தப் பயத்தை அவனுக்கு ஊட்டியவர்கள் நாங்கள் இருவருமே.

ஒரு தலைமுறையின் கட்டளை

"பாதையை விட்டு இறங்காதே." வடக்கில் 1980களிலும் 90களிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த வாக்கியத்தை விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்குப் போகும்போது சொன்னோம். பந்து உருண்டு பற்றைக்குள் போனபோது சொன்னோம். மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துக் காணிக்குள் ஓடியபோது சொன்னோம். மிதிவெடி எங்கே இருக்கிறது என்பது புதைத்தவனுக்கே நினைவில் இல்லாத காலம் அது. ஆதலால் ஆட்கள் நடந்து தேய்ந்த தடத்தில் மட்டும் நடப்பதே உயிர் வாழும் முறையாக இருந்தது.

எனது ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் தென்மராட்சியைச் சேர்ந்தவர். 2000 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து, 2002 இல் போர்நிறுத்தம் வந்தபின் வீடு பார்க்கத் திரும்பினார். பிறந்து வளர்ந்த வளவு. ஒவ்வொரு மரமும் தெரிந்த வளவு. ஆட்டுக்குக் குழை முறிப்பதற்காகப் பின்வேலிக்குப் போனவர், ஒரு காலோடு திரும்பினார். மருத்துவமனையில் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் யாரும் அதன்பிறகு பற்றைக்குள் இறங்கியிருக்க மாட்டார்கள்.

போர் எங்களிடம் இருந்து எவற்றைப் பறித்தது என்று நிறைய எழுதியிருக்கிறோம். உயிர், வீடு, காணி, ஆவணம், நூலகம் என்று அந்தப் பட்டியல் நீளும். அதில் அதிகம் எழுதப்படாத ஒன்று உண்டு. தன் ஊரின் வெளிகளில் காரணமின்றி அலைந்து திரியும் உரிமையே அது. சிறுவர்கள் மரத்தின் பெயரையும் பறவையின் பெயரையும் பாடப் புத்தகத்தில் இருந்து அறிவதில்லை; அலைந்தே அறிகிறார்கள். அலைய முடியாத தலைமுறைக்குப் பெயர்கள் கைநழுவிப் போயின. எனது மகன் அடம்பனைக் காணாததற்கு அவன் பொறுப்பல்ல.

எனக்கும் ஒரு குற்ற உணர்வு உண்டு. வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு, முகமாலை, ஆனையிறவு ஆகிய பெயர்களை நான் பலநூறு தடவை எழுதியவன். 1991 ஜூலையில் இராணுவத்தினர் கடல்வழியாக வந்து வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு கரையில் தரையிறங்கியபோது, கொழும்பில் இருந்து அச்செய்தியை எழுதினேன். 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்த செய்தியையும், 2009 ஜனவரியில் அது மீண்டும் கைமாறிய செய்தியையும் எழுதினேன். அந்த ஊர்களின் மணல் என்ன நிறம், அங்கே என்ன பூ பூக்கும் என்பது எனக்குத் தெரியாது. வரைபடத்தில் அம்புக்குறி இடுவதற்கான இடங்களாகவே அவற்றை அறிந்திருந்தேன்.

முகமாலையைக் கடந்து

இரண்டு நாள் யோசித்தபின் மகன் ஒப்புக்கொண்டான். இரண்டு நிபந்தனைகள் விதித்தான். உள்ளூர் ஆள் ஒருவரைக் கேட்காமல் ஓரடியும் வைப்பதில்லை. பூங்கா எல்லைக்குள் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இன்றிப் போவதில்லை. இரண்டும் நியாயமானவை. நானே சொல்லியிருக்க வேண்டியவை.

சுண்டிக்குளம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட இடம் அல்ல. பிரித்தானியர் ஆட்சியில், 1938 ஆம் ஆண்டிலேயே அது பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2015 இல் தேசிய பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. ஏறத்தாழ 196 சதுர கிலோமீற்றர் பரப்பு. ஒரு பக்கம் ஆனையிறவுக் கடல் நீரேரியின் கிழக்கு அந்தம். மறுபக்கம் வங்காள விரிகுடா. இடையில் ஒடுங்கிய மணல் திட்டு. தெற்கில் இருந்து கனகராயன் ஆறு மழைக்காலத்தில் நன்னீரைக் கொண்டுவந்து நீரேரியில் சேர்க்கிறது. அந்த நன்னீரைத் தேக்கி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரலாம் என்று பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் திட்டமொன்றை முன்வைத்தார் என்பது பலருக்கு நினைவிருக்கலாம். நன்னீரும் உவர்நீரும் கலக்கும் ஆழமற்ற பரப்பில் சிறு உயிரினங்கள் பெருகும். அவற்றைத் தின்னவே பறவைகள் வருகின்றன.

காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். கொடிகாமம், மிருசுவில் தாண்டி முகமாலைக்கு வந்தபோது வெளிச்சம் வந்துவிட்டது. மண்டையோட்டுச் சின்னம் பொறித்த சிவப்புப் பலகைகளைப் பேத்தி முதலில் கண்டாள். "கடற்கொள்ளைக்காரரின் இடமா?" என்று கேட்டாள். வாகனத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

2000 ஆம் ஆண்டு முதல் போரின் இறுதிக்கட்டம் வரை இரு தரப்பின் முன்னரங்குகளும் முகத்துக்கு முகம் நின்ற இடம் முகமாலை. உலகில் மிதிவெடிகள் மிக நெருக்கமாகப் புதைக்கப்பட்ட நிலங்களுள் ஒன்றாக அது பேசப்பட்டது. போர் முடிந்த பின் ஆண்டுக்கணக்காக அங்கே நிலத்தை மீட்டவர்களுள் பெண்கள் கணிசமானோர். கணவரைப் போரில் இழந்தவர்களும் அவர்களிடையே இருந்தனர். முகக்கவசம் அணிந்து, முழந்தாளிட்டு, ஒரு சாண் ஒரு சாணாக மண்ணைக் கிளறும் வேலை அது. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அற்றதாக 2017 இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. ஓர் ஆளைக் கொல்லும் வெடியைப் புதைப்பதற்குச் சில நிமிடம் போதும். அதை எடுத்து நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு தலைமுறை தேவைப்படுகிறது.

இதையெல்லாம் பேரனுக்கு என்னால் இயன்ற எளிய சொற்களில் சொன்னேன். அவன் நெடுநேரம் யன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தான்.

தேநீர்க் கடையில் கிடைத்த ஆசான்

பளையைக் கடந்து கிழக்கே திரும்பிக் கரையோர வீதியை அடைந்தோம். 2004 கடற்கோளில் மாண்டவர்களுக்கான நினைவிடம் உடுத்துறையில் இருக்கிறது. அங்கே இறங்கி வணங்கிவிட்டு, வெற்றிலைக்கேணி தாண்டிப் போய் ஒரு சிறு தேநீர்க் கடையில் வானை நிறுத்தினோம். அங்கே கரைவலைத் தொழில் செய்யும் ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"ஐயா, எங்கையிருந்து வாறியள்?" என்று அவரே பேச்சைத் தொடங்கினார். பூநாரை பார்க்கவும் அடம்பன் கொடியைப் பார்க்கவும் வந்திருக்கிறோம் என்றேன். பூநாரை பார்க்க வருபவர்கள் உண்டாம். அடம்பனைப் பார்க்க வந்தவர்களை அவர் அன்றுதான் கண்டாராம். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

மகன் அவரிடம் நேரடியாகவே கேட்டான்: "அண்ணை, நடக்கலாமோ? வெடி ஏதும்..."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். மணலில் விரலால் கோடு கீறினார். "இந்தப் பக்கம் முழுக்கத் துப்பரவு செய்து குடுத்திட்டினம். நாங்கள் ராப்பகலா நடக்கிறம், மாடும் மேயுது. அங்காலை பலகை நிக்கிற இடம் மட்டும் போகப்படாது. நானே போறேல்லை. எனக்குப் பின்னாலை வாங்கோ, காணும்."

இந்தப் பேச்சு முழுவதுக்கும் இரண்டு நிமிடமே சென்றிருக்கும். எந்த இணையத்தளத்திலும் கிடைக்காத வரைபடம் அது.

கடற்கரை மணல்மேட்டில் ஏறியதும் காலுக்கடியிலேயே கிடந்தது அடம்பன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சை. இலை நுனியில் இரண்டாகப் பிளந்து ஆட்டின் குளம்பு போல இருக்கிறது. பூ ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம். குழாய் ஒலிபெருக்கியின் வாய் போன்ற வடிவம். பேரன் குந்தியிருந்து ஒரு கொடியைப் பிடித்து இழுத்தான். நுனிப் பகுதி இலகுவாக வந்தது. மேலும் இழுத்தான், வரவில்லை. தங்கையும் சேர்ந்து இழுத்தாள், அதன்பிறகும் வரவில்லை.

"கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்குது ராசா. ஒண்டை இழுத்தால் ஒன்பது பிடிச்சுக்கொண்டு நிக்கும். உது இல்லாட்டி இந்த மணல் எல்லாம் காத்தோடை போயிடும்" என்றார் எங்கள் ஆசான்.

நான் அந்த இடத்தில் சற்று நேரம் நின்றுவிட்டேன். இத்தனை காலமும் அந்தப் பழமொழியை, பல கொடிகளைச் சேர்த்துக் கயிறாக முறுக்குவது போலவே எண்ணி எழுதிவந்தேன். ஒற்றுமை, ஒன்று சேர்தல், மேடை, கைகோத்தல் என்றே அதற்குப் பொருள் கொண்டேன். மணலில் பார்த்தபோதே அக்கொடியின் மிடுக்கு எங்கிருந்து வருகிறது என்பது புரிந்தது. ஒவ்வொரு கணுவும் தன் பங்குக்குக் கீழே இறங்கி மண்ணைப் பற்றியிருக்கிறது. அரசியல் கட்டுரை எழுதுபவன் ஒரு தடவையாவது கடற்கரைக்குப் போயிருந்தால் இதை முன்னமே அறிந்திருப்பான்.

பக்கத்திலேயே முட்பந்து போல உருண்டு கிடந்த இராவணன் மீசையையும் காட்டினார். காற்றடித்தபோது ஒன்று உருண்டோடியது. பேத்தி அதைத் துரத்திக்கொண்டு ஓடினாள். மகனின் கை அவளைப் பிடிப்பதற்காக அனிச்சையாக நீண்டதையும், பின்னர் தானாகவே தாழ்ந்ததையும் நான் கண்டேன். வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

நாலு முட்டை

மணல்மேட்டில் இருந்து உட்புறமாக, உமரிச் செடிகள் சிவந்து கிடந்த வெளியில் நடந்தோம். திடீரென ஓர் ஆட்காட்டி எழுந்து எங்கள் தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தத் தொடங்கியது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஆசான் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார்.

"ஒருத்தரும் அசையாதேங்கோ. காலடியைப் பார்த்து வையுங்கோ."

மகனின் முகம் வெளிறிப்போனது. பிள்ளைகள் இருவரையும் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டான். 20, 25 ஆண்டுகளுக்கு முன்னர் நாங்கள் அவனுக்குச் சொன்ன அதே சொற்கள்.

ஆசான் குனிந்து தேடி, இரண்டு முழத் தூரத்தில் ஓரிடத்தைச் சுட்டிக் காட்டினார். வெறும் மண்ணில் சிறு குழி. சுற்றிவரச் சில கூழாங்கற்கள். நடுவில் கற்களோடு கற்களாகப் பழுப்புப் புள்ளியிட்ட நாலு முட்டைகள். ஆட்காட்டி கூடு கட்டுவதில்லை, நிலத்திலேயே இடும். நாங்கள் இன்னும் ஓரடி வைத்திருந்தால் அவற்றின்மேல் மிதித்திருப்போம்.

எல்லோரும் மெல்லப் பின்வாங்கி வளைந்து போனோம். சிறிது தூரம் சென்றபின் மகன் என்னருகே வந்து தாழ்ந்த குரலில், "முட்டைக்காகவும் காலடியைப் பார்க்கலாம் என்டு இண்டைக்குத்தான் தெரிஞ்சது அப்பா" என்றான். அதற்கு மறுமொழி சொல்ல எனக்குக் குரல் எழும்பவில்லை.

பூநாரைகளையும் கண்டோம். நீரேரியின் நடுவில், வெகுதூரத்தில், இளஞ்சிவப்புக் கோடு போல நின்றன. ஆசான் கிட்டப் போக விடவில்லை. சேறு இடுப்பளவுக்கு இழுக்குமாம். தொலைநோக்கியில் பார்த்தோம். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகால் நீரை அரித்து உண்ணும் விசித்திரப் பறவை அது. அந்த நிறம் பிறப்பிலேயே வருவதல்ல. குஞ்சுகள் சாம்பல் நிறம். உண்ணும் பாசியிலும் சிறு இறால் வகைகளிலும் உள்ள நிறப்பொருள் உடலில் சேர்ந்து, ஆண்டுகள் சென்றபின்னரே இறகு சிவக்கிறது. குஜராத்தின் கட்ச் உப்புவெளிகளில் இனம்பெருக்கிவிட்டு அவை இங்கே வருவதாகக் கருதப்படுகிறது. விசாவும் கடவுச்சீட்டும் இல்லாமல் ஆண்டுதோறும் வந்து போகும் இவற்றை எண்ணி, புலம்பெயர்ந்த குடும்பம் ஒன்று கரையில் நின்று பெருமூச்சு விட்டது.

விலகுவதும் மீறுவதும்

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளைப் பட்டியலுக்கு வெளியே கூட்டிச் செல்லுங்கள் என்பதே எனது வேண்டுகோள். ஏனைய நாட்டவருக்கு அது ஒரு பொழுதுபோக்காக இருக்கலாம். எங்களுக்கு அது மீட்பு வேலை. நிலத்தில் இருந்த வெடியை அகற்றும் பணியைச் செய்தவர்கள் செய்தார்கள், செய்கிறார்கள். மனதில் புதைந்திருக்கும் வெடியை அவர்கள் அகற்ற முடியாது. அதைத் தந்தையும் தாயும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் அகற்ற வேண்டும். அப்படி நடக்காவிட்டால், விடுவிக்கப்பட்ட நிலமும் எங்கள் பிள்ளைகளுக்கு வீதியோரக் காட்சியாகவே இருக்கும். கண்ணால் கண்டு பெயர் சொல்லத் தெரியாத நிலத்துக்காக எந்தப் பிள்ளையும் நாளைக்குக் குரல் கொடுக்கப் போவதில்லை.

ஆனால், பாதையை விட்டு விலகுவது வேறு. எல்லையை மீறுவது வேறு. சிவப்புப் பலகை நிற்கும் இடத்தில் வீரம் காட்டுவது மடமை. பலகை இல்லாத இடத்திலும் ஊரவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. மழை வெள்ளம் மண்ணை அரித்துப் பழைய வெடிகளை இடம் மாற்றக்கூடும். அறியாத உலோகப் பொருள் எதையும் பிள்ளைகள் தொடக் கூடாது என்பதை வாகனத்தை விட்டு இறங்குமுன்னரே சொல்லிவிட வேண்டும். அறியாத கடலில் குளிக்க இறங்குவதும் அவ்வாறே.

நாம் "யாரும் போகாத இடம்" என்று பெருமையோடு சொல்லும் இடம் இன்னொருவரின் வீட்டு வாசல் என்பதையும் மறக்கலாகாது. சுண்டிக்குளம் நமக்கு ஒதுக்குப்புறம். அந்தக் கரைவலைத் தொழிலாளிக்கு அது தகப்பனின் தொழிலிடம். வடக்கில் சரணாலய எல்லைகளும் வன எல்லைகளும் குறிக்கப்பட்ட முறை பற்றிக் கரையோர மக்களுக்கு மனக்குறைகள் உண்டு. பறவையைக் காக்கவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், ஆட்காட்டியின் முட்டையை மிதிக்காமல் எங்களைத் தடுத்தவர் ஒரு மீனவரே. அவரைப் போன்றவர்களைப் புறத்தே நிறுத்திவிட்டு அந்த வெளியைக் காக்க முடியாது. அவர்களுள் விரும்புவோருக்குப் பயிற்சி கொடுத்து, வழிகாட்டிகளாக ஏற்று, உரிய கூலி கிடைக்கச் செய்தால், பறவைக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

போகிறவர்களுக்கும் ஒழுக்கம் வேண்டும். உப்புவெளியில் வாகனத்தை ஓட்டிச் சக்கரத்தடம் பதிப்பது, பூநாரைகள் பறக்கும் காட்சி வேண்டுமென்பதற்காக ட்ரோன் கருவியை அவற்றின்மேல் விடுவது, சோற்றுப் பொதியின் பிளாஸ்ரிக் தாளை மணலில் விட்டுவருவது ஆகியன கூடாது. அவற்றைச் செய்பவர்கள் வீட்டிலேயே இருந்து படம் பார்க்கலாம்.

வெளிநாட்டில் இருந்து வருபவர்களுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்திலேயே வாழும் பிள்ளைகள் எத்தனை பேர் தங்கள் ஊர்த் தரவையில் இறங்கி நடந்திருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமையும் தனியார் வகுப்பு என்று வைத்திருக்கிறோம். பழமொழியை எழுதிப் புள்ளி எடுக்கிறார்கள். கொடியைக் கண்டால் அடையாளம் தெரியாது. ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அந்த வகையில் வேறுபாடு இல்லை.

திரும்பும் வழியில்

நடுப்பகல் வெயில் ஏறுமுன் தேநீர்க் கடைக்குத் திரும்பினோம். ஆசானுக்கு மகன் ஒரு நாட்கூலி கொடுக்கப் போனான். அவர் முதலில் மறுத்தார். "அரை நாள் தொழிலை விட்டிட்டு வந்திருக்கிறியள் அண்ணை" என்று வற்புறுத்தியபின் வாங்கிக்கொண்டார். மனைவி அவரது வீட்டில் கருவாடு வாங்கினாள். கனடாவுக்கு அதைக் கொண்டுபோக முடியுமா என்று மருமகள் கேட்டதற்கு ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை.

திரும்பி வருகையில், முகமாலையை நெருங்கியபோது பேரன் வானை நிறுத்தச் சொன்னான். வீதியின் தார் விளிம்பில் நின்று சிவப்புப் பலகைகளைச் சற்றுநேரம் பார்த்தான். இறங்கி நடக்க அனுமதி கேட்கவில்லை. "இதுவும் ஒருநாள் முடியுமா அப்பப்பா?" என்று மட்டும் கேட்டான்.

"முடியும்" என்றேன். "அப்போது நீ உன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. இறங்கி நட."

"அங்கேயும் முட்டை இருக்கும். காலடியைப் பார்த்துத்தான் நடக்க வேணும்" என்றான் அவன்.

அவர்கள் இப்போது ரொறன்ரோ திரும்பிவிட்டார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அடம்பன் இலையை அவன் கரும்பலகையில் வரைந்து காட்டினானாம். ஆசிரியை, தானும் அதுவரை அதைக் கண்டதில்லை என்று சொன்னாராம். தொலைபேசியில் இதைக் கேட்டபோது, எனக்கு அன்றைய வெட்கத்தில் பாதியாவது தீர்ந்தது.